பிக்கப் டிரக்கில் குடும்பத்தோடு டிரெய்லர் இழுப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் அரை டன் வகை பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா என எதை எடுத்தாலும் 10,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரம் சொல்லும். அது பொய்யில்லை. ஆனால் பிள்ளைகள், நாய், மிதிவண்டிகள் என்று முகாம் டிரெய்லரோடு கிளம்பும் குடும்பத்துக்கு அந்த எண்ணால் பயனில்லை. அவர்களுடைய வண்டி இழுவை வரம்பை நெருங்கும் முன்பே, தன் மேல் ஏற்றக்கூடிய எடைக்கான சுமை வரம்பைத் தாண்டிவிடும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் வண்டியின் பேலோடு. அதை விட்டுவிட்டு நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டை நம்புவது பெரிய தவறு. கையேட்டில் வரும் உச்ச அளவு பெரும்பாலும் சொகுசு வசதிகள் இல்லாத மாடலுக்கானது. கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின் என ஒவ்வொன்றும் வண்டியின் சொந்த எடையைக் கூட்டுகிறது. கூடிய அளவுக்கு ஏற்றக்கூடிய எடை குறைகிறது. ஒரே பெயருள்ள இரண்டு வண்டிகளுக்கு இடையே பல நூறு பவுண்டு வித்தியாசம் இருக்கலாம். வாங்கிய பின் நீங்கள் பொருத்தும் பெட்டி மூடியும் ஏறுபடியும்கூட இந்தக் கணக்கில்தான் கழியும்.

ஸ்டிக்கரில் 1,450 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 658 கிலோ. பெற்றோர் இருவரும் 340, மூன்று பிள்ளைகள் 240, குழந்தை இருக்கைகள் இரண்டு 40, நாய் 60. பின்பெட்டியில் ஐஸ் பெட்டி, மிதிவண்டிகள், விறகு என்று 200. ஆக 880 போய்விட்டது. டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் கருவிதான் ஹிட்ச்; அதில் எடையை அச்சுகளுக்கிடையே பகிர்ந்தளிக்கும் வகை 80 பவுண்டு வரும். மிச்சம் 490.

டிரெய்லரின் முன்முனை ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்பார்கள். சாதாரண டிரெய்லரில் அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அந்த எடையும் வண்டியின் முதுகில்தான் ஏறுகிறது. 12.5 சதவீதம் என்று கொண்டால், 490 பவுண்டு மிச்சத்துக்கு 3,920 பவுண்டு டிரெய்லர்தான் பொருந்தும். விளம்பரம் சொன்ன எண் எங்கே, இது எங்கே! இழுவைத் திறனை அளக்க வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 தரநிலை, வண்டிக்குள் தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர் மட்டும் இருப்பதாகவே கணக்கிடுகிறது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பது அந்தக் கணக்கில் கிடையாது.

டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வெறும் டிரெய்லரின் எடை. தண்ணீர், எரிவாயு உருளை, பாத்திரம், துணிமணி எல்லாம் பிறகு ஏறுபவை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்தால் 330 பவுண்டுக்கு மேல். முகாமிடும் இடத்தில் குழாய் இருந்தால், அங்கே போய் நிரப்பிக்கொள்வதே நல்லது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொரு வழக்கம். டங் வெயிட்டைக் குறைப்பதற்காகச் சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் நகர்த்துகிறார்கள். முன்முனையில் அழுத்தம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கலாம். ஆட்டம் முற்றினால் அது டிரக்கையும் சேர்த்துச் சாய்த்துவிடும். பாரம் அதிகமென்றால் சாமானைக் குறையுங்கள், பின்னால் தள்ளாதீர்கள்.

பின்பக்கம் தாழ்வதைப் பார்த்துக் காற்றுப் பைகளோ கூடுதல் ஸ்பிரிங்குகளோ மாட்டுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். ஸ்டிக்கரில் உள்ள வரம்பு ஒரு பவுண்டுகூட உயராது. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் அவசியமான கருவி, அதனாலும் அந்த வரம்பு உயராது.

கணக்கு இடித்தால் எஃப்-250, ராம் 2500 போன்ற அடுத்த வகைக்குப் போகலாம். அங்கேயும் கதவைத் திறந்து பாருங்கள். கனமான டீசல் எஞ்சின் பேலோடில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

பயணத்துக்கு முன் குடும்பம், சாமான், டிரெய்லர் எல்லாவற்றோடும் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். பல நிலையங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவனத்தின் எடைமேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றின் எடையையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். கதவருகே உள்ள இன்னொரு ஸ்டிக்கரில் ஒவ்வொரு அச்சின் வரம்பும் இருக்கிறது. பின் அச்சை முதலில் ஒப்பிடுங்கள்.