27.30 என்பது இருபத்தேழரை நிமிடம்!

மட்டக்களப்பு கல்லடியில் காலையில் 5 கிலோமீற்றரை 27 நிமிடம் 30 செக்கனில் ஓடினீர்களா? கைபேசியில் 27.30 என்று அடித்து 5ஆல் வகுக்காதீர்கள், 5.46 என்று வரும், அது பிழை. நிமிடத்துக்கு 60 செக்கன் அல்லவா! முழுவதையும் செக்கனாக்குங்கள்: 1650. ஐந்தால் வகுத்தால் 330, கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடம்.

அப்படியானால் 10 கிலோமீற்றருக்கு 55 நிமிடம் என்று நம்பிவிடாதீர்கள், உடல் களைக்கும். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் சூத்திரப்படி, தூரம் இரட்டித்தால் நேரத்தை 2.085ஆல் பெருக்க வேண்டும்: 57 நிமிடம் 20 செக்கன்.

நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது; ஏழு மணிக்கே வெயில் முகத்தில் அறையும். புழுக்கமான நாளில் முதல் 2 கிலோமீற்றரையும், ஒவ்வொன்றுக்கும் பத்துச் செக்கன் கூடுதலாக எடுத்து, மெதுவாகவே ஓடுங்கள்.