ஏடிவி ஹீட் ஆகிறதா? முதலில் ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்

கடலூரில் ஏடிவி (மணலிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ரிப்பேர் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஹீட் ஆகிறது என்று என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜினில் கோளாறே இருக்காது. மணலில் வண்டி மெதுவாகத்தான் போகும், ஆனால் இன்ஜின் முழு மூச்சாக உழைக்கும். எதிர்க்காற்று கிடையாது. அந்த நேரத்தில் ரேடியேட்டரும் அடைத்திருந்தால் சூடு போக வழி ஏது?

சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். தேவனாம்பட்டினம் பீச்சில் என்றால் வண்டியின் மூஞ்சியைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். மதியத்துக்கு மேல் அடிக்கும் கடற்காற்று நேராக ரேடியேட்டருக்குள் போகும். அவசரத்தில் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றிவிடாதீர்கள். கொதிக்கிற இன்ஜினில் சில்லென்று தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், உப்பு வேறு அரிக்கும். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் நிற்கும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முகத்தில் பீறிடும். ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறட்டும், அதன்பின் துணி போட்டு மெல்லத் திறக்கலாம்.

ஆறியதும் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் குனிந்து பாருங்கள். வெளிச்சம் வரவில்லை என்றால் அடைப்பு. நம் ஊர் வண்டிகளில் நான் அதிகம் எடுப்பது சவுக்கு ஊசி இலைகள். தோப்புக்குள் ஒரு சுற்று சுற்றினாலே ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவே குத்திக்கொள்ளும். அதன்மேல் உப்பும் மணலும் ஈரத்தோடு படிந்து காரை பூசியதுபோல் இறுகிவிடும். இலைகளைக் கையால் பிடுங்கிவிட்டு, சாதாரண ஹோஸ் பைப்பால் பின்னாலிருந்து முன்னால் தண்ணீர் அடியுங்கள். வேகமாகப் பீய்ச்சும் வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம். ஃபின்கள் மடங்கிவிட்டால் அழுக்கு இருந்தபோது போன காற்றுகூடப் போகாது.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும் சூடாகிறதா? ஃபேனைப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால் கனெக்டரைக் கழற்றுங்கள், உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். ஃபேனுக்கு 12 வோல்ட் நேரடியாகக் கொடுத்துச் சுற்றினால் ஃபேன் நல்லது. கோளாறு சென்சாரிலோ ரிலேயிலோ வயரிங்கிலோ இருக்கிறது.

அப்புறம் கூலன்ட். குறைந்திருக்கிறது என்று போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது! அந்த உப்பெல்லாம் உள்ளே படியும். கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே விற்பது. ஊற்றும்போது மூடி மேடாக நிற்கும்படி வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி வையுங்கள். குளிர்ந்த இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறியிருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

பிள்ளைகள் ஓட்டும் சின்ன 110 சிசி வண்டிகளில் பெரும்பாலும் ரேடியேட்டரே கிடையாது. அதில் சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களில் சேறு அடைத்திருக்கிறதா, ஆயில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்ஜின் சக்தி பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குப் போகும் வண்டியில் லோ கியர் இருந்தால் மணலில் லோவில்தான் ஓட்ட வேண்டும். ஹையில் போட்டு முறுக்கினால் பெல்ட்டும் சேர்ந்து கருகும். அந்தச் செலவு தனி.