படிக்கும்போதே குழந்தை உண்டாயிடுச்சா? கோர்ஸ விட்றாம இருக்க என்ன பண்ணணும்

எம்.எஸ்சி, பி.எட், பிஎச்.டி.ன்னு படிச்சிட்டு இருக்கற பொண்ணுக்கு நாள் தள்ளிப்போச்சுன்னா வீட்ல வர்ற முதல் பேச்சு "இந்த வருஷம் நிறுத்திக்கோ, அப்புறம் பாத்துக்கலாம்". அந்த அப்புறம் நிறைய பேருக்கு வர்றதே இல்ல, அதனாலதான் இத எழுதறேன்.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல ஸ்கூல் பக்கமே போகாத பெண்களுக்கு சராசரியா 2.8 குழந்தை, 12 வருஷமோ அதுக்கு மேலயோ படிச்சவங்களுக்கு 1.8. இதக் காட்டி படிச்ச பொண்ணுங்க பெத்துக்கவே மாட்டேங்கறாங்கன்னு சிலர் பேசறாங்க, 1.8ன்னா கிட்டத்தட்ட ரெண்டுங்க! பெத்துக்கத்தான் செய்றாங்க, கொஞ்சம் லேட்டா, அளவா. மேல் படிப்பும் பிரசவமும் ஒரே வயசுல வந்து நிக்குது, சிக்கல் அங்கதான்.

முதல்ல கர்ப்பத்த 12 வாரத்துக்குள்ள நர்ஸம்மா கிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ பதிவு பண்ணிடுங்க. தமிழ்நாட்டுல இத பிக்மி பதிவுன்னு சொல்வாங்க, 12 இலக்கத்துல ஒரு ஆர்.சி.ஹெச் ஐடி தருவாங்க. குழந்தையோட பர்த் சர்ட்டிஃபிகேட்டுக்கு அது எப்படியும் வேணும், காலேஜ்லயும் ஆதாரமா காட்டலாம்.

அடுத்தது லெட்டர், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. மேடம் கிட்ட வாயால சொல்லிட்டேன், சரின்னாங்கன்னு இருந்துடாதீங்க, அந்த மேடம் மாறிட்டா உங்களுக்கு கையில ஒண்ணும் இருக்காது. அஞ்சாம் மாசமே எழுதிக் குடுங்க, ஹெச்.ஓ.டி வழியா பிரின்சிபாலுக்கு. பிரசவத் தேதி இது, ஆர்.சி.ஹெச் நம்பர் இது, இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் லீவு வேணும், அட்டெண்டன்ஸ்ல சலுகை வேணும், விட்டுப்போற இன்டர்னல்ஸும் பிராக்டிகலும் திரும்ப எழுத அனுமதி வேணும்னு ஒவ்வொண்ணா தனித்தனியா கேளுங்க. ஸ்கேன் ரிப்போர்ட் ஜெராக்ஸ் வைங்க. ஆபீஸ்ல சீல் போட்ட காப்பி ஒண்ணு வாங்கிட்டுதான் வெளிய வரணும்.

ரூல் இல்லம்மான்னு சொன்னா, 2021 டிசம்பர்ல யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, எல்லா யுனிவர்சிட்டிக்கும் அனுப்புன கடிதத்தச் சொல்லுங்க. டிகிரி, பிஜி படிக்கற பெண்களுக்கும் மகப்பேறு லீவு, அட்டெண்டன்ஸ் சலுகைக்கு விதிமுறை உண்டாக்கச் சொல்லித்தான் கேட்டிருக்காங்க. அது கட்டாய உத்தரவு இல்ல, ஆனா மனசு வெச்சா செய்யலாம், கோட்டயம் மகாத்மா காந்தி யுனிவர்சிட்டி 2022லயே 60 நாள் லீவு குடுக்க முடிவு பண்ணிடுச்சே.

பிஎச்.டி.ன்னா நிலைமை பரவால்ல. யுஜிசி 2022 விதிப்படி படிப்பு முழுக்க சேத்து 240 நாள் வரைக்கும் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு லீவு உண்டு, பெண்களுக்கு முடிக்கற காலக்கெடுவுல கூடுதலா 2 வருஷமும் தரலாம். கைடு முகம் சுளிச்சாலும் கேளுங்க, அவர் தயவு இல்ல அது, உங்க உரிமை.

எதுவுமே நடக்கலன்னாலும் டி.சி. மட்டும் வாங்கிடாதீங்க!! பிரேக் எடுத்துட்டு அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் கூட ரீஅட்மிஷன் ஆகலாமான்னு கேட்டு, ஆகலாம்னா எழுத்துல வாங்குங்க. டி.சி. வாங்கிட்டா மறுபடி முதல்ல இருந்துதான்.

குழந்தை பிறந்தப்புறம் அம்மாவோ மாமியாரோ "நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னா மட்டும் பத்தாது, எந்தக் கிழமை யாருன்னு இப்பவே பேசி வெச்சுக்கங்க, அந்த லிஸ்ட்ல புருஷன் பேரும் இருக்கணும். பால் பீச்சி வெச்சுட்டுப் போறதா இருந்தா நம்ம ஊர் வெயில்ல வெளிய வெக்காதீங்க, சுத்தமான பாத்திரத்துல மூடி ஃபிரிட்ஜ்ல வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள குடுத்துடலாம், சூடு பண்ணணும்னா வெந்நீர்ல பாத்திரத்த வெச்சாப் போதும், அடுப்புல வேணாம். காலேஜ்ல பால் கட்டி வலிச்சா பீச்சறதுக்கு கதவு பூட்டற ரூம் ஒண்ணையும் அந்த லெட்டர்லயே கேட்டுடுங்க, கூச்சப்பட ஒண்ணுமில்ல.

ஏற்கனவே நிறுத்தி வருஷக்கணக்கு ஆனவங்க, தொலைதூரக் கல்வி தர்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ பக்கம் போங்க. ரெண்டு வருஷ எம்.ஏ.வ நாலு வருஷம் வரைக்கும் இழுத்து முடிக்கலாம், ஜூன், டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ பரீட்சை, குழந்தைக்கு காய்ச்சல்னா அடுத்த தடவ எழுதிக்கலாம். அட்மிஷன் ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு சீசன்ல வரும், பழைய மார்க் ஷீட்ட இப்பவே தேடி எடுத்து வைங்க.