ஊர் நகரத்து விளையாட்டுப் பலகைக்கு வண்ணம் தீட்ட

கட்டங்களுக்கு இடையே ஓடும் கருங்கோட்டைக் கடைசியில் இழுக்க வேண்டாம். பலகை முழுவதையும் முதலில் கருப்பாக்குங்கள். அதன்மேல் ஒவ்வொரு கட்டமாக வெள்ளையை ஏற்றுங்கள். ஊர் என்ற பழைய நகரத்தில் கிடைத்த விளையாட்டுப் பலகையைப்போல ஒன்று செய்ய என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

காரணம் மூலப் பலகையிலேயே இருக்கிறது. இன்றைய இராக்கின் தெற்கே, ஊர் என்ற பழம்பெரும் நகரத்தின் அரச கல்லறைகளை தொல்லியலாளர் லெனார்டு வூலி 1920களில் தோண்டியபோது கிடைத்தது அது. வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள். நம் மொழியில் ஊர் என்றால் ஊர்தான். அந்தப் பெயரைக் கேட்டவுடனே எனக்கு நெருங்கிய பொருளாகிவிட்டது. மரம் மக்கிப்போயிருந்தது. சிப்பித் தகடும் சிவப்புச் சுண்ணாம்புக்கல்லும் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லும் மட்டும் மிஞ்சின. அவற்றை நிலக்கீல் என்னும் கருந்தாரில் பதித்திருந்தார்கள். ஆகவே கருப்புதான் அங்கே தரை. நாமும் அதே வரிசையில் போனால், கட்டம் பதித்த தகடுபோல எழும்பி நிற்கும்.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு அருகே வீணைப் பட்டறை இருக்கிறது. குடம் குடைந்தபின் மீந்த பலாத்துண்டை அங்கேதான் வாங்குகிறேன். மஞ்சள் மாறிப் பழுப்பேறிய பழைய துண்டாகப் பாருங்கள். பச்சை மரம் நெளிந்துவிடும். கட்டம் 3.4 செ.மீ., இடைவெளி 3 மி.மீ. என்று வைத்தால் பலகை 29.9 செ.மீ. நீளம், 11.4 செ.மீ. அகலம் வரும். ஒரு பக்கம் மூன்று வரிசையில் 12 கட்டம், நடுவரிசை மட்டும் நீண்டு பாலம்போல 2, மறுபக்கம் மூன்று வரிசையில் 6. பாலத்தின் இருபுறமும் 7.1 செ.மீ. நீளத்துக்கு 3.7 செ.மீ. உள்வாங்கி அறுக்க வேண்டும். அதைத் தச்சரிடம் விட்டுவிடுங்கள்.

புளியங்கொட்டைப் பசையில் சலித்த சுண்ணப்பொடியைக் குழைத்து, மோர்ப் பதத்தில் மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். நான் முதல் பலகையை ஐப்பசி அடைமழையில் செய்தேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, வண்ணமும் ஏற்றிவிட்டேன். கார்த்திகை தீபத்துக்குள் ஓரமெல்லாம் உப்பி, நகம் பட்ட இடத்தில் அப்பளம்போல் பெயர்ந்துவந்தது. பதினைந்து நாள் வேலை. அன்றுமுதல் தை பிறந்தால்தான் பலகையைத் தொடுகிறேன். புறங்கையைப் பூச்சின்மேல் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

கருப்பில் கொஞ்சம் பழுப்பு சேர்த்து அக்ரிலிக்கில் இரண்டு பூச்சு. அடுத்து கட்டங்கள். சிப்பி ஒருநாளும் சுத்த வெள்ளையாக இருக்காது; வெள்ளையில் கடுகளவு மஞ்சள் காவி சேருங்கள். சிவப்புக்குச் செங்காவி. நீலத்துக்கு அல்ட்ராமரைன், ஒரு காலத்தில் அந்த வண்ணத்தை இதே நீலக்கல்லைப் பொடித்துத்தான் எடுத்தார்கள்.

எட்டிதழ்ப் பூ ஐந்து கட்டங்களில் வரும்: பெரிய பகுதியின் வெளி மூலைகள் இரண்டு, நடுவரிசையில் அந்த வெளி ஓரத்திலிருந்து நான்காம் கட்டம், சிறிய பகுதியில் பாலத்தை ஒட்டிய ஓரக் கட்டங்கள் இரண்டு. வட்டம் போட்டு, ஒரு கூட்டல் குறி, ஒரு பெருக்கல் குறி இழுத்தால் எட்டு இதழுக்கும் இடம் கிடைத்துவிடும். கோலம் போட்ட கைக்கு இது பெரிய காரியமே இல்லை. இன்னும் ஐந்தில் வட்டத்துக்குள் புள்ளி. வேறு ஐந்தில் ஐந்து புள்ளிகளை விதவிதமாக வைத்த கோலம்.

மிச்சம் ஐந்து கண் கட்டங்கள். சாமி படமோ கொலுப் பொம்மையோ, கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். இங்கும் அப்படியே செய்யுங்கள். நான் கட்டத்துக்கு நான்கு கண் வைக்கிறேன். காலை வெளிச்சத்தில் கிழக்கு ஜன்னலடியில் உட்கார்ந்து, 000 எண்ணுள்ள மிக மெல்லிய தூரிகையால் மேலிமையை ஒரே இழுப்பில் இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நீலக் கண்மணியை வைப்பேன். மணி மேலிமையைத் தொட வேண்டும். கீழே மயிரிழை வெள்ளை விட வேண்டும். இரண்டு இமையையும் தொட்டுவிட்டால் அது வெறும் புள்ளியாகிவிடும். தவறினால் ஈரத்துணியால் உடனே ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து மேட் வார்னிஷ் மெல்லிசாக இரண்டு முறை. பளபளப்பு வார்னிஷ் சிப்பியைப் பிளாஸ்டிக் ஆக்கிவிடும்.

இனி ஆட்டம். ஆளுக்கு ஏழு காய். பகடையாக அங்கே நான்கு முக்கோணக் கூம்புகள். ஒவ்வொன்றின் நான்கு முனைகளில் இரண்டில் குறி. அதற்குச் சமமானது நம் வீட்டிலேயே இருக்கிறது. நான்கு புளியங்கொட்டைகளைத் தரையில் ஒருபுறம் மட்டும் உரைத்து வெள்ளையாக்குங்கள். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம். கி.மு. 177ஆம் ஆண்டுக் களிமண் ஏடு ஒன்றைப் படித்து பண்டை எழுத்து அறிஞர் இர்விங் ஃபிங்கல் மீட்டெடுத்த விதிப்படி, பூவில் காய் நின்றால் இன்னொரு முறை போடலாம்.