மாவு புளித்த கதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். எதிர்பார்த்தபடியே முதல் கேள்வி 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்'. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். எதிரே இருந்தவர் தலையாட்டிவிட்டு, 'ஹவ் டிட் யூ கம் ஹியர் டுடே?' என்றார். அன்றைக்கு நான் வந்த பஸ் பாதி வழியில் நின்றுபோய், இறங்கி நடந்து, ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்திருந்தேன். தமிழில் கேட்டிருந்தால் டிரைவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டது வரை சொல்லியிருப்பேன். வாயில் வந்தது 'பை பஸ்' என்ற இரண்டு வார்த்தைதான். அந்த வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

இலக்கணம் எனக்குத் தெரியாமல் இல்லை. செயப்பாட்டு வினை வரை பள்ளியில் எழுதி மார்க் வாங்கியவன்தான். ஆனால் என் வீட்டுக் கதையை, என் ஊர் வம்பை ஆங்கிலத்தில் ஒருநாள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அதன் பிறகு நானும் ஒரு கல்லூரி நண்பனும் சேர்ந்து பழகிய முறையைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்க்குத்தான் இந்தப் பயிற்சி என்பதால், ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே படியுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

படி 1: பேச்சுத்துணை

உங்களைவிட ரொம்ப நன்றாகப் பேசுபவரைப் பிடிக்காதீர்கள். அவர் பேசிக்கொண்டே இருப்பார், நீங்கள் 'எஸ், எஸ்' என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் அளவுக்கே தடுமாறுகிற ஆள்தான் தோது. நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனில் பேசினோம். நேரில் உட்கார்ந்தால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துச் சிரித்தே நேரம் போய்விடுகிறது. ஒருநாளைக்கு 20 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் போதும்.

இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே புகுந்து திருத்தக் கூடாது. ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால், அந்தச் சொல்லை மட்டும் தமிழில் போட்டுவிட்டு வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே முடிக்க வேண்டும். 'மை மதர் புட் த பருப்பு இன் த குக்கர்' என்பதில் ஒரு குறையும் இல்லை. பருப்புக்கு ஆங்கிலம் தேடி நிறுத்தினால் குக்கர் வரைக்கும் போய்ச் சேரவே மாட்டீர்கள்.

துணைக்கு ஆளே கிடைக்காதவர்கள் போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரைத் துணையாக்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

படி 2: தமிழில் சண்டை போட்ட தலைப்பு

முக்கியமான படி இதுதான். 'மை ஹாபீஸ்', 'மை பெஸ்ட் ஃபிரெண்ட்' போன்ற பள்ளிக்கூடக் கட்டுரைத் தலைப்புகளை ஓரமாக வையுங்கள். அவற்றில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எதைப் பற்றித் தமிழில் டீக்கடையிலோ வீட்டிலோ வாக்குவாதம் செய்திருக்கிறீர்களோ, அதை எடுங்கள். கடை மாவா வீட்டு மாவா, ஆட்டோவில் மீட்டர் போடுவதா பேரம் பேசுவதா, கல்யாணத்துக்கு மொய் வைப்பதா பரிசு கொடுப்பதா, லீவு நாளில் எத்தனை மணி வரை தூங்கலாம், இப்படி. கருத்து ஏற்கெனவே மனதில் தயாராக இருப்பதால் மொழியை மட்டும் தேடினால் போதும்.

தலைப்பை எடுத்ததும் ஐந்து கேள்வி தயார் செய்யுங்கள். இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம்.

'வாட் டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?'
'ஹூ கிரைண்ட்ஸ் த பேட்டர் அட் யுவர் ஹோம்?'
'விச் ஒன் டூ யூ லைக் பெட்டர், ஹோம் பேட்டர் ஆர் ஷாப் பேட்டர்?'
'ஒய்?'
'இஃப் த ஷாப் பேட்டர் காஸ்ட் டபுள், வுட் யூ ஸ்டில் பை இட்?'

வரிசையைக் கவனியுங்கள். முதலில் நடந்து முடிந்தது, அடுத்து வழக்கமாக நடப்பது, அப்புறம் ஒப்பீடு, காரணம், கடைசியில் கற்பனை. இறந்த காலம், நிகழ்காலம், 'இஃப்' எல்லாம் நீங்கள் கவனிக்காமலேயே வாய்க்குள் வந்துபோகின்றன. எந்தத் தலைப்புக்கும் இந்த ஐந்தும் பொருந்தும். 'ஒய்?' மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்கலாம். அதில்தான் மூச்சு வாங்கும்.

வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்குப் போகவோ பலர் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸின் பேச்சுப் பகுதியும் ஏறக்குறைய இதே ஏணிதான். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதலில் வீடு, வேலை, ஊர் பற்றிச் சின்னக் கேள்விகள். அடுத்து ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, ஒன்றிரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். கடைசியில் அதையொட்டி ஏன், எதற்கு என்று விவாதம்.

படி 3: ஏழே சொல், அதற்கு மேல் வேண்டாம்

பேசுவதற்கு முன் அந்தத் தலைப்புக்குத் தேவைப்படும் ஏழு சொற்களையோ தொடர்களையோ எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பொருளுக்கு நாலு சொல் தேடி அகராதி புரட்டாதீர்கள். 'த பேட்டர் டர்ன்ட் சவர்' என்று முழுத் தொடராக எழுதுங்கள். மாவு புளித்துவிட்டது என்று சொல்ல 'சவர்' தெரிந்தால் மட்டும் போதாது, அதன் முன்னால் வரும் 'டர்ன்ட்'டும் தெரிய வேண்டும்.

சிலவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லே கிடையாது. மொய்க்கு என்ன செய்வது? விளக்கிவிட வேண்டியதுதான். 'அட் அவர் வெட்டிங்ஸ், கெஸ்ட்ஸ் கிவ் மணி. சம்படி ரைட்ஸ் எவ்ரி நேம் அண்ட் அமௌண்ட் இன் எ நோட்புக். லேட்டர், வென் தே ஹாவ் எ வெட்டிங், வி கிவ் இட் பேக்.' மூன்று சின்ன வாக்கியம், அதில் மொய் நோட்டே வந்துவிட்டது. சொல் தெரியாத இடத்தில் நிற்காமல் சுற்றி வந்து சொல்லும் இந்தப் பழக்கம் அகராதியைவிட அதிகமாகக் கைகொடுக்கும். திண்ணை, சீர்வரிசை, ஜவ்வு மிட்டாய் என்று ஒருவருக்கொருவர் கொடுத்து விளக்கச் சொல்லி விளையாடுங்கள். ஜவ்வு மிட்டாயில் நாங்கள் இருவருமே தோற்றோம்.

'எத்தனையாவது' என்பதும் அப்படித்தான். வீட்டில் நீங்கள் எத்தனையாவது பிள்ளை என்பதை ஆங்கிலத்தில் நேராகக் கேட்க வழியில்லை. 'ஆர் யூ த எல்டெஸ்ட்?' என்று கேட்டுவிட்டு அவர் 'நோ, ஐ ஆம் த தேர்ட்' என்று சொல்லக் காத்திருக்க வேண்டும்.

படி 4: நாலு, மூணு, ரெண்டு

ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லுங்கள். முதல் தடவை 4 நிமிடம், அடுத்து 3, கடைசியில் 2. மொழி கற்பித்தலில் நன்கு அறியப்பட்ட பயிற்சி இது. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முதல் சுற்றில் வாக்கியத்தைக் கட்டவே நேரம் போய்விடும். மூன்றாவது சுற்றில் வாக்கியம் தயாராக இருப்பதால் வாய் ஓடும். முறைப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பவர் மாற வேண்டும். நமக்கு இருப்பது ஒரே நண்பன்தான். அதனால் நான் முதல் சுற்றைச் சுவரிடமும், இரண்டாவதைத் தங்கையிடமும், மூன்றாவதை நண்பனிடமும் சொல்வேன். தங்கை கேட்டாளா என்பது வேறு விஷயம்.

படி 5: பதில் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள்

இரண்டு பேரும் மாறி மாறிச் சொற்பொழிவு ஆற்றினால் அது உரையாடல் ஆகாது. தமிழில் எதிராளி பேசும்போது 'ம்ம்', 'அப்படியா', 'சரி, அப்புறம்?' என்று போட்டுக்கொண்டே இருப்போம் அல்லவா? அதற்கு ஈடாக 'ஐ ஸீ', 'ரியலி?', 'தென் வாட் ஹாப்பண்ட்?' மூன்றும் போதும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'லெட் மீ திங்க்'. புரியவில்லை என்றால் 'ஸாரி, கேன் யூ ஸே தட் அகெய்ன்?'. இதைக் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. தலையாட்டிவிட்டுச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதுதான் சங்கடம்.

மறுத்துப் பேசும்போது கொஞ்சம் கவனம் தேவை. 'யூ ஆர் ராங்' என்பது தமிழில் 'நீ சொல்றது தப்பு' என்று நண்பனிடம் உரிமையோடு சொல்வது போல் இருக்காது, சுருக்கென்று குத்தும். 'ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்...' அல்லது 'ஐ ஆம் நாட் ஸோ ஷ்யூர்' என்று தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பதிலையும் ஒரு கேள்வியோடு முடியுங்கள். 'வாட் அபௌட் யூ?' என்ற மூன்றே சொல் பந்தை அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

படி 6: செய்திக்குள் நுழைவது

மூன்று வாரம் மாவும் ஆட்டோவும் பேசியபின் நாட்டு நடப்புக்கு வாருங்கள். அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பத்திரிகைத் தலைப்பு ஆங்கிலம் வேறு, பேச்சு ஆங்கிலம் வேறு. 'ஹெவி ரெயின் லேஷஸ் சென்னை' என்று அச்சில் இருக்கும். யாரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை. 'தேர் வாஸ் ஹெவி ரெயின் இன் சென்னை எஸ்டர்டே' என்போம். 'ஸ்கூல்ஸ் டு ரீஓப்பன் ஆன் மண்டே' என்றால் 'த ஸ்கூல்ஸ் வில் ரீஓப்பன் ஆன் மண்டே'. 'த்ரீ ஹெல்ட்' என்றால் 'த போலீஸ் அரெஸ்டட் த்ரீ பீப்பிள்'. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவதும், வரப்போவதை 'டு' போட்டு எழுதுவதும், 'த', 'எ' எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதும் இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். தினம் மூன்று தலைப்பைப் பேச்சு வாக்கியமாக மாற்றினாலே நல்ல பயிற்சி.

அடுத்து, ஒரு செய்தியை மூன்று வரியில் சொல்லுங்கள். என்ன நடந்தது, யாரை அது தொடுகிறது, நான் என்ன நினைக்கிறேன். உதாரணத்துக்கு, 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2024 நவம்பரில் சட்டம் நிறைவேற்றியது. 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அபராதம் நிறுவனங்களுக்குத்தான், பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ கிடையாது. இதை இப்படிச் சொல்லலாம்:

'ஆஸ்திரேலியா டஸ் நாட் அலவ் சில்ட்ரன் அண்டர் சிக்ஸ்டீன் டு ஹாவ் சோஷியல் மீடியா அக்கவுண்ட்ஸ். த கம்பெனீஸ் ஹாவ் டு ஸ்டாப் தெம், ஆர் பே எ ஃபைன். ஐ திங்க் இட் இஸ் எ குட் லா, பட் சில்ட்ரன் வில் ஃபைண்ட் எ வே.'

இப்போது ஒருவர் ஆதரவாகவும் ஒருவர் எதிராகவும் 5 நிமிடம் பேசுங்கள். மணி அடித்ததும் கட்சி மாறுங்கள். நம்பாத பக்கத்துக்காகப் பேசும்போது மனப்பாட வாக்கியம் எதுவும் உதவாது, புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்ததே, அதுவும் நல்ல தலைப்பு. பூக்கடையில் கேரி பேக் கொடுக்கிறார்களா, மஞ்சப்பை எடுத்துப் போகிறீர்களா என்று உங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

கட்சி அரசியலை மட்டும் தள்ளி வையுங்கள். நாங்கள் ஒருநாள் தொட்டோம். மூன்றாவது நிமிடத்திலேயே சுத்தத் தமிழுக்கு மாறிவிட்டோம். அது எவ்வளவு சுத்தமான தமிழ் என்று இங்கே எழுத முடியாது.

படி 7: பதிவைக் கேளுங்கள், இரண்டு தவறு எடுங்கள்

வாரம் ஒரு பேச்சை நண்பரிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். இருபது தவறு தெரியும். இரண்டை மட்டும் எடுத்து அடுத்த வாரம் முழுக்கக் கவனியுங்கள்.

தமிழ் வாய்க்கே உரிய தவறுகள் சில உண்டு. அம்மாவையும் அப்பாவையும் 'அவங்க' என்றே சொல்லிப் பழகியதால் 'ஹீ'யும் 'ஷீ'யும் இடம் மாறிவிடும். என் நண்பன் ஒரு மாதம் முழுக்கத் தன் அக்காவை 'ஹீ' என்றான். 'டிட் யூ வென்ட்' தப்பு, 'டிட் யூ கோ' சரி. இறந்த காலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது. 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் 'அபௌட்' வேண்டாம். 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்பதை 'ஐ ஹாவ் டூ சிஸ்டர்ஸ்' என்று மாற்றுங்கள். 'எஸ்டர்டே நைட்' என்பதைவிட 'லாஸ்ட் நைட்' இயல்பு.

படி 8: காதுக்கும் கொஞ்சம், வெளியாளுக்கும் கொஞ்சம்

கேட்பதற்கு பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' எடுங்கள். இருவர் ஒரு விஷயத்தைப் பேசுவார்கள், எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கும். ஆரம்பத்தில் ஒரு வினாடி வினாக் கேள்வி வரும். அங்கே நிறுத்தி, உங்கள் பதிலையும் காரணத்தையும் சத்தமாகச் சொல்லிவிட்டு மேலே கேளுங்கள்.

கொஞ்சம் துணிச்சல் வந்ததும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். மேடைப் பேச்சு பழகுவதற்காக 1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு. சென்னையிலும் கோவையிலும் கிளைகள் உண்டு. அங்கே 'டேபிள் டாபிக்ஸ்' என்று ஒரு பகுதி. முன்னறிவிப்பில்லாமல் ஒரு தலைப்பைத் தருவார்கள், ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, பேசுகிறவர் எத்தனை தடவை 'ஆ', 'அம்' என்று இழுக்கிறார் என்பதை எண்ணிக்கொண்டே இருப்பார். முதல் நாள் என் கணக்கு 17. நண்பனுக்கு 21.