பாலத்துக்கு எந்தப் பக்கம்? ஃப்ளோரிடாவின் ப்ரெவார்ட் கவுண்டிக்குக் குடிபெயர்வது எப்படி

நியூஜெர்சியில் பதினோரு பனிக்காலம் வாசலில் பனி வாரிய கையோடு 2019-ல் ப்ரெவார்ட் கவுண்டிக்கு வந்து சேர்ந்தோம். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஆர்லாண்டோவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் வந்தால், அட்லாண்டிக் கடலோரமாக வடக்கு தெற்காக 72 மைல் நீண்டு கிடக்கும். கென்னடி விண்வெளி மையம் இங்கேதான். இந்தப் பகுதியின் தொலைபேசிக் குறியீடுகூட 321, ராக்கெட் கவுண்ட்டவுனை நினைத்து வைத்த எண்.

மாதம் ஒரு நண்பராவது போன் செய்து, "அங்கே கடற்கரையில் வீடு வாங்கலாமா?" என்று கேட்கிறார். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வீட்டு விலையைக் கேட்பதற்கு முன்னால் இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள். அது ஏன் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: வரைபடத்தில் மூன்று பட்டைகளைப் பாருங்கள்

கூகுள் மேப்பைத் திறந்து மேற்கிலிருந்து கிழக்காக விரலை நகர்த்துங்கள். முதலில் பெருநிலம். டைட்டஸ்வில், கோகோ, வியரா, மெல்போர்ன், பாம் பே எல்லாம் இதில்தான். ஐ-95 நெடுஞ்சாலையும் யூஎஸ்-1 சாலையும் இதில்தான் ஓடுகின்றன. அடுத்து இந்தியன் ரிவர். பெயர்தான் ஆறு, உண்மையில் அது உப்பங்கழி. அதைத் தாண்டினால் கவுண்டியின் வடபாதியில் மெரிட் ஐலண்ட், அப்புறம் பனானா ரிவர் என்ற இன்னொரு கழி. கடைசியாக, கடலை ஒட்டிய ஒல்லியான தடுப்புத் தீவு. கோகோ பீச், சாட்டலைட் பீச், இண்டியலாண்டிக், மெல்போர்ன் பீச் இவையெல்லாம் அந்தத் தீவில். (இண்டியலாண்டிக் என்ற பெயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இந்தியன் ரிவரையும் அட்லாண்டிக்கையும் ஒட்டவைத்த பெயர் அது.)

ஆகவே "கடலுக்கு இரண்டு மைல்" என்று ஒரு விளம்பரம் சொன்னால் அதில் பாதிச் செய்தி இல்லை. அந்த இரண்டு மைலுக்குள் பாலம் இருக்கிறதா, வீடு பாலத்துக்கு எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. இன்சூரன்ஸ், புயல் நேர வெளியேற்றம், அலுவலகப் பயணம், ஏசி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது வரை எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது.

படி 2: வேலை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்

இங்குள்ள பொறியாளர் வேலைகளில் பெரும்பகுதி விண்வெளியும் ராணுவத் தளவாடமும் சார்ந்தவை. எல்3ஹாரிஸ் நிறுவனத்தின் தலைமையகம் மெல்போர்னில்தான். நார்த்ராப் கிரம்மனுக்கும் இங்கே பெரிய வளாகம் உண்டு. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் இத்தகைய வேலைகளில் பலவற்றுக்குக் குறைந்தது கிரீன் கார்டாவது வேண்டும். ரகசியப் பாதுகாப்பு அனுமதி கேட்கும் வேலை என்றால் குடியுரிமையே வேண்டும். எச்1பி-யில் இருப்பவர்கள் இங்கே வந்துவிட்டு வேலை தேடலாம் என்று கிளம்ப வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை என்றால் கவலையில்லை. ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது என்பது கூடுதல் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை எங்கே திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்று நான்காம் படியில் பார்ப்போம்.

படி 3: ஓராண்டு வாடகைக்கு இருங்கள்

ஒரு புயல் பருவம் முழுவதும் இங்கே கழிக்காமல் வீடு வாங்காதீர்கள். நாங்கள் சாட்டலைட் பீச்சில் வாடகைக்கு இருந்தோம். காலையில் பாலம் ஏறி மெல்போர்ன் போவது முதல் மாதம் சுகமாக இருந்தது. ஓங்கில் (டால்பின்) துள்ளுவதைப் பார்த்தபடியே போகலாம். மூன்றாம் மாதம் ஓங்கில் கண்ணில் படவில்லை, முன்னால் நிற்கும் காரின் பிரேக் விளக்குதான் பட்டது. பாலத்தின் இரண்டு பக்கமும் தங்கிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். வாடகை வீட்டிலும் உங்கள் பொருட்களுக்கு வாடகைதாரர் காப்பீடு எடுங்கள். வீட்டுக்காரரின் பாலிசி உங்கள் சோபாவைக் காப்பாற்றாது.

படி 4: இன்சூரன்ஸ் (இதை இரண்டு முறை படியுங்கள்)

பிடித்த வீட்டுக்கு விலை பேசும் முன், அந்த முகவரிக்கு மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். வீட்டு இன்சூரன்ஸ், புயல் காற்றுக்கான பாதுகாப்பு, வெள்ளக் காப்பீடு. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே பாலிசியில் வரும். வெள்ளம் எப்போதும் தனி. கூரை பிய்ந்து மழை உள்ளே வந்தால் அது காற்றுக் கணக்கு. தெருவில் ஏறிய தண்ணீர் வாசல்படி தாண்டினால் அது வெள்ளக் கணக்கு. வெள்ளப் பாலிசி இல்லையென்றால் இரண்டாவதற்கு ஒரு காசு கிடைக்காது.

அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் குடியிருப்பு வீட்டின் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். பாலிசி எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. டிவியில் புயலின் பாதையைப் பார்த்துவிட்டு ஓடினால் நடக்காது. வீட்டு இன்சூரன்ஸிலும் இதே கதைதான். புயல் எச்சரிக்கை வந்ததும் நிறுவனங்கள் அந்தப் பகுதியில் புதுப் பாலிசி கொடுப்பதை நிறுத்திவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் பத்திரப் பதிவு வைத்திருப்பவர்கள் பாலிசியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் மண்டலம் தெரியும். ஏஇ என்றால் அபாயம் அதிகம், வங்கி வெள்ளக் காப்பீட்டைக் கட்டாயமாகக் கேட்கும். விஇ என்றால் அலையும் சேர்ந்து அடிக்கும் இடம். எக்ஸ் என்றால் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றால் வெள்ளம் வராது என்று அர்த்தமில்லை. 2024 அக்டோபர் முதல் வீட்டை விற்பவர் வெள்ளம் பற்றிய விவரப் படிவம் தரவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து டிடக்டிபிள், அதாவது நம் கையிலிருந்து போகும் முதல் பங்கு. சாதாரண சேதத்துக்கு அது ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று இருக்கும். ஹரிக்கேன் எனப்படும் பெரும் புயலுக்கு மட்டும் பெரும்பாலும் சதவீதத்தில் போடுவார்கள். வீட்டை 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்து, ஹரிக்கேன் டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்களுடையது. 5 சதவீதம் என்றால் 20,000. பிரீமியம் குறைகிறதே என்று 5-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தப் பணத்தை வங்கியில் தனியாக வைத்திருக்க வேண்டும்.

பிரீமியத்தைக் குறைக்க ஒரு நேர்மையான வழி உண்டு: காற்றுத் தாங்குதிறன் பரிசோதனை. கூரையின் வடிவம், அதைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டைகள், ஜன்னலுக்கு ஷட்டர் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து ஒரு சான்று தருவார்கள். ஐந்தாண்டு செல்லும். நான்கு பக்கமும் சரியும் கூரைக்குத் தள்ளுபடி அதிகம். மாநிலம் முழுவதற்குமான கட்டட விதிகள் 2002 மார்ச்சில் அமலுக்கு வந்தன. 1992-ல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவைத் துவைத்தெடுத்த பாடம் அது. அதனால் 2002-க்குப் பின் கட்டிய வீடுகளைத் தேடுங்கள். பழைய வீடு என்றால் கூரை, மின்சாரம், குழாய், ஏசி நான்கையும் பார்க்கும் இன்னொரு பரிசோதனையும் கேட்பார்கள். சமையலறை எவ்வளவு பளபளத்தாலும் கூரைக்கு எத்தனை வயது என்று முதலில் கேளுங்கள்.

தனியார் யாரும் நியாயமான விலையில் தராவிட்டால் கடைசிப் புகலிடம் சிட்டிசன்ஸ் என்ற, மாநிலம் 2002-ல் உருவாக்கிய நிறுவனம். அங்கேயும் வெள்ளக் காப்பீடு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை படிப்படியாக வருகிறது.

படி 5: சொத்து வரியில் ஏமாறாதீர்கள்

நான் விழுந்த குழி இது. விற்பவர் கட்டிய வரி ரசீதைப் பார்த்து, வரியும் சேர்ந்த வங்கி மாதத் தவணையைக் கணக்குப் போட்டேன். இரண்டாம் ஆண்டு வங்கியிலிருந்து கடிதம் வந்தது, மாதம் பல நூறு டாலர் கூடுதலாகக் கட்டச் சொல்லி.

காரணம் இதுதான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இங்கே ஹோம்ஸ்டெட் சலுகை உண்டு. வரிக்கான மதிப்பில் ஏறக்குறைய 50,000 டாலர் வரை கழியும். அதைவிடப் பெரியது, அந்த மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக்கூடாது என்ற உச்சவரம்பு. இருபது ஆண்டு குடியிருந்தவரின் வீட்டுச் சந்தை விலை 4,00,000 ஆக இருந்தாலும் வரிக் கணக்கில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். வீடு கைமாறியதும் அந்த உச்சவரம்பு உடைந்து, அடுத்த ஜனவரி 1-ல் மதிப்பு சந்தை விலைக்குத் தாவிவிடும். கவுண்டி சொத்து மதிப்பீட்டாளரின் தளத்தில் உங்கள் கொள்முதல் விலையைப் போட்டு வரியைப் பாருங்கள். பழைய ரசீதை மறந்துவிடுங்கள்.

ஜனவரி 1 அன்று அந்த வீட்டில் குடியிருந்தால் மார்ச் 1-க்குள் சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக இது கிடைக்காது. ஆனால் இங்கே பிறந்த குழந்தை அதே வீட்டில் வாழ்ந்தால் அந்தக் குழந்தையைக் காட்டிப் பெறலாம் என்று ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. வரி ரசீது நவம்பரில் வரும். அந்த மாதமே கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி.

படி 6: காண்டோ (அடுக்கக வீடு) என்றால் கூடுதல் கவனம்

கடல் தெரியும் பால்கனி யாருக்குத்தான் பிடிக்காது! ஆனால் 2021 ஜூன் 24 அன்று மயாமி அருகே சர்ஃப்சைடில் ஒரு கடலோர அடுக்ககம் சரிந்து 98 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த சட்டப்படி, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய அடுக்ககங்களுக்குக் கட்டமைப்புப் பரிசோதனை கட்டாயம். பெரிய பழுதுகளுக்கான சேமிப்பை முன்போல எளிதாகத் தள்ளிப்போட முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் பல பழைய காண்டோக்களில் மாதக் கட்டணம் ஏறிவிட்டது, திடீர் வசூலும் வருகிறது. விலை மலிவாகத் தெரிந்தால் பரிசோதனை அறிக்கையையும் சேமிப்பு நிதிக் கணக்கையும் சங்கக் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கட்டடம் பாருங்கள்.

படி 7: காகித வேலை

குடியேறிய 30 நாளுக்குள் ஃப்ளோரிடா ஓட்டுநர் உரிமம். வேலையில் சேர்ந்தாலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலோ 10 நாளுக்குள் கார் பதிவு. கவுண்டி வரி வசூல் அலுவலகத்திலேயே இரண்டையும் முடிக்கலாம். முதல் முறை பதிவுக்கு 225 டாலர் தனிக் கட்டணம் உண்டு. அதற்கு முன்பே ஃப்ளோரிடா கார் இன்சூரன்ஸ் கையில் இருக்க வேண்டும்.

படி 8: புயல் பருவம்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை உச்சம். "ராக்கெட் தளத்தை இங்கே வைத்ததே புயல் வராது என்பதால்தான்" என்று சில உள்ளூர்வாசிகள் சொல்வார்கள். 2004-ல் ஃப்ரான்சிஸ் புயல் நாசாவின் ராட்சத ராக்கெட் கூடத்தின் சுவர்த் தகடுகளையே பிய்த்தெறிந்தது, மூன்று வாரத்தில் ஜீன் வந்தது. 2022-ல் நிக்கோல் கரையேறியது நவம்பர் 10-ம் தேதி.

தடுப்புத் தீவு, மெரிட் ஐலண்ட், இடம் மாற்றக்கூடிய மொபைல் வீடுகள் ஆகியவற்றில் இருப்பவர்களைத்தான் முதலில் வெளியேறச் சொல்வார்கள். நாங்கள் வந்த வருடமே டோரியன் புயல். பஹாமாஸின் மேல் ஒரு நாளுக்கும் மேலாக அசையாமல் நின்றது. இரண்டு பிள்ளைகள், குக்கர், பாஸ்போர்ட் கவர், சாமி படத்தோடு டாம்பாவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனோம். கடைசியில் அது வடக்கே திரும்பியது. "வீணாகப் போனோமே" என்றாள் மனைவி. அடுத்த முறையும் போனோம்.

செய்ய வேண்டியது: ஜூனுக்கு முன் ஷட்டர்களை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். துருப்பிடித்த திருகாணி புயலுக்கு முந்தைய நாள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர். கார் டேங்க் பாதிக்குக் கீழே போகக்கூடாது. வீட்டின் எல்லா அறைகளையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பின்னால் இன்சூரன்ஸ் கேட்கும்போது உதவும்.

படி 9: உப்போடும் ஆமையோடும் வாழ்வது

உலகிலேயே பெருந்தலை ஆமைகள் அதிகம் முட்டையிடும் கரைகளில் ஒன்று இது. மார்ச் முதல் அக்டோபர் வரை கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்க வேண்டும், இல்லையென்றால் குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பி சாலைக்கு வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புல்வெளிக்கு உரம் போடத் தடை. உரமும் கழிவுநீரும் கழியில் கலந்து கடற்புல் அழிந்ததால், 2021-22 குளிர்காலத்தில் பட்டினி கிடந்த கடற்பசுக்களுக்கு லெட்யூஸ் கீரை போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கடலில் இறங்கும் முன் கொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடலுக்குள் இழுக்கும் இழுவை பலம், இரட்டைச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. இழுவையில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்துங்கள்.

பெரிய கோயில் தேடினால் ஆர்லாண்டோ அருகே கேசல்பெரிவரை போகலாம். திரும்பும்போது அரிசி மூட்டை ஏற்றிக்கொள்ளலாம். நள்ளிரவில் வீடு குலுங்கினால் பயப்பட வேண்டாம், ராக்கெட்டின் கீழ்ப்பகுதி திரும்பி வந்து இறங்குகிறது.

கடைசியாக உப்பு. எங்கள் புது பார்பிக்யூ அடுப்பு ஒரே ஆண்டில் துருவாக உதிர்ந்தது. ஏசியின் வெளிப்பெட்டியை மாதம் ஒருமுறை, சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பீச்சுக்குப் போய்வந்த அன்றே காரின் அடிப்பகுதியையும்.