நாற்பதுக்குப் பிறகு வரும் முழங்கை நோவும் குதிக்கால் நோவும்: வீட்டிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கத்திலோ குதிக்காலுக்குச் சற்று மேலேயோ ஒரு நோ வந்து மாதக்கணக்கில் போகாமல் நின்றால், அது பெரும்பாலும் தசைநாணில் வந்த நோதான். யாழ்ப்பாணத்தில் இதற்கு நாங்கள் செய்கிற வைத்தியம் வீட்டுக்கு வீடு ஒன்றுதான். எண்ணெய் பூசி உருவுவோம், இரண்டு பனடோல் போடுவோம், "கையைப் பேசாமல் வைச்சிரு" என்போம். இரண்டு மூன்று கிழமை ஓய்வில் நோ தணியும். பிறகு ஒரு முழுத் தேங்காய் திருவினால் அதே இடத்தில் அதே நோ.

ஓய்வு நோவைத் தணிக்குமே தவிர, தசைநாணுக்குப் பலம் கொடுக்காது. அதற்குப் பலம் வருவது அளந்து கொடுக்கும் சுமையால். அந்தச் சுமையை வீட்டில் இருக்கிற தண்ணீர்ப் போத்தலையும் வாசற்படியையும் வைத்து எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவரும் செய்யலாம்.

முதலில் கொஞ்சம் விளக்கம்

தசையை எலும்போடு பிணைத்து வைத்திருக்கும் உறுதியான நார்க்கட்டுதான் தசைநாண். அதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். தசையோடு ஒப்பிட்டால் இதற்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆகவே ஆறுவதும் மெதுவாகத்தான். கெண்டைக்கால் தசையைக் குதிக்கால் எலும்போடு பிணைக்கும் நாணைக் குதிநாண் என்போம். 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அதன் நடுப்பகுதியை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 17 வயதுக்குப் பிறகு அது புதுப்பிக்கப்படுவது இல்லை என்றே சொல்லலாம் என்று கண்டார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பன் நாணில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஓடிய அதே நாணோடுதான் ஐம்பது வயதிலும் நடக்கிறோம்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பழுதான நார்கள் பழையபடி ஆகாவிட்டாலும், அவற்றைச் சுற்றியுள்ள நல்ல நார்களும் இணைந்த தசையும் சுமைக்கு ஏற்ப வலுப்பெறும். ஸ்கான் அறிக்கையில் "சிதைவு" என்று எழுதியிருந்தாலும் மனம் தளர வேண்டாம். ஒரு நோவும் இல்லாதவர்களுடைய ஸ்கானிலும் இப்படியான மாற்றங்கள் நிறையவே தெரியும்.

படி 1: இது தசைநாண் நோதானா?

முழங்கைக்கு: கையை நேராக நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, ஒரு பிளாஸ்டிக் கதிரையின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் சுளீர் என்றால் பெரும்பாலும் அதுதான். அந்த முனையை விரலால் அழுத்தினாலும் நோகும். கேத்தலைத் தூக்கும்போதும், ஈரத்துணியைப் பிழியும்போதும், யாருக்காவது கை கொடுக்கும்போதும் இதே நோ வரும். இதற்கு டென்னிஸ் எல்போ என்ற பெயர் இருந்தாலும், வருகிறவர்களில் பெரும்பாலானோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை.

குதிநாணுக்கு: காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிகளில் விறைப்பு இருக்கும், நடக்க நடக்க இளகும். குதிக்கால் எலும்புக்கு இரண்டு முதல் ஆறு சென்ரிமீற்றர் மேலே நாணை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். நோகும், சிலருக்குத் தடித்தும் இருக்கும். நோ பாதத்தின் அடியில் இருந்தால் அது வேறு பிரச்சினை, அதற்கான பயிற்சியும் வேறு.

கீழே சொல்லும் எதுவும் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் வைத்தியரிடம் போங்கள்:

- கெண்டைக்காலில் "பட்" என்று அடித்தது போல இருந்து, அதன் பிறகு முன்காலில் எழும்பி நிற்க முடியாமல் இருப்பது. நாண் அறுந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.
- காய்ச்சலோடு சேர்ந்து அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கியிருப்பது.
- கை அல்லது கால் மரத்துப் போவது, பலம் இழப்பது.
- பல மூட்டுகளில் ஒரே நேரத்தில் நோ இருந்து, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சலக்கிருமி போன்றவற்றுக்குக் கொடுக்கும் சிப்ரோபிளொக்சசின், லெவோபிளொக்சசின் வகை மாத்திரைகள் சிலருக்கு நாணைப் பாதிக்கும், அறுந்துபோகவும் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூட. அந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் குதிநாண் நோகத் தொடங்கினால், மருந்தை எழுதியவரிடம் உடனே சொல்லுங்கள்.

நீரிழிவு இருந்தால் தசைநாண் நோ வரும் வாய்ப்பும் கூட, ஆறும் காலமும் கூட. நாற்பது தாண்டி இப்படி நோ வந்தவர்கள் இரத்தத்தில் சீனியையும் கொலஸ்ட்ரோலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

படி 2: நோவுக்கு எண் கொடுங்கள்

நோவே இல்லை என்றால் 0, தாங்கவே ஏலாது என்றால் 10. பயிற்சி செய்யும்போது 0 முதல் 2 வரை இருந்தால் தயங்காமல் தொடரலாம். 3 முதல் 5 வரை என்றால் அடுத்த நாள் காலையைப் பார்த்து முடிவெடுங்கள். காலையில் நோ வழமையான அளவிலேயே இருந்தால் அந்தச் சுமை உங்களுக்குச் சரி. கூடியிருந்தால் அடுத்த முறை குறையுங்கள். 5ஐத் தாண்டினால் அப்போதே நிறுத்துங்கள்.

இந்தப் படியை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நோகுதெண்டால் உள்ளுக்கை கிழியுது எண்டுதானே?" இந்தப் பயத்தில்தான் பலர் பயிற்சியைத் தொடங்குவதே இல்லை. பயிற்சியின்போது வரும் மிதமான நோ நாண் கிழிவதற்கான அடையாளம் அல்ல. சுவீடனில் குதிநாண் நோவுள்ளவர்களை இதே எண் முறையைப் பின்பற்றி, பயிற்சியோடு ஓட்டத்தையும் தொடரவிட்டுப் பார்த்தார்கள். ஓட்டத்தை நிறுத்தி வைத்திருந்தவர்களை விட அவர்களுக்கு எதுவும் மோசமாகவில்லை.

படி 3: வேலையை விடாதீர்கள், பாரத்தைக் குறையுங்கள்

முழங்கையில் நோகும் நாண், மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கும் தசைக்குரியது. எதையாவது இறுக்கிப் பிடித்தாலே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். திருவலையில் இருந்து தேங்காய் திருவுவதைக் கவனியுங்கள். பாதித் தேங்காயை விரல்களால் கவ்விப் பிடித்து, பல்லில் அழுத்தி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி இழுக்கிறோம். பிடி, அழுத்தம், திருப்பல் மூன்றும் ஒரே நாணின் மேல் விழுகின்றன. அதுவும் நிறுத்தாமல் பத்து நிமிடம்.

ஆகவே ஒரு பாதி திருவியதும் கையை மாற்றுங்கள், அல்லது மற்றப் பாதியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள். இடியப்பம் பிழிவதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம், இடையில் கையை ஆறவிடுங்கள். சந்தைப் பையைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும், முழங்கை உடலோடு ஒட்டியிருக்கட்டும். பாரம் அப்போது வேறு தசைக்கு மாறிவிடும். மோட்டார் சைக்கிள் கைபிடியை நெரிப்பது போலப் பிடிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். மண்வெட்டி பிடிக்கிறவர்கள் வேலையை இரண்டு நேரமாகப் பிரித்துக்கொண்டால் நல்லது.

முழங்கைக்குக் கீழே இரண்டு விரல் தள்ளிக் கட்டும் பட்டி மருந்துக்கடைகளில் கிடைக்கும். வேலை செய்யும்போது சிலருக்கு அது உதவும். படுக்கும்போது கழற்றி வையுங்கள்.

படி 4: முழங்கைப் பயிற்சி

அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுங்கள். தண்ணீரோடு அது அரைக் கிலோ. மேசையில் முன்கையை முழுவதும் வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நிற்க, உள்ளங்கை நிலத்தைப் பார்க்கப் போத்தலைப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம், விழாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

முதல் இரண்டு கிழமைக்கு அசைக்காமல் பிடிப்பது மட்டும்தான். மணிக்கட்டை முன்கைக்கு நேராக வைத்து 30 விநாடி பிடியுங்கள், ஒரு நிமிடம் ஆறுங்கள். இப்படி ஐந்து தடவை. பழகப் பழக 45 விநாடி வரை போகலாம். கை நடுங்கினால் பயம் வேண்டாம், அது தசை களைப்பது. போத்தல் பாரமாகத் தெரிந்தால் பாதித் தண்ணீரோடு தொடங்குங்கள்.

பிறகு இறக்கும் பயிற்சி. நோகாத கையால் போத்தலைத் தாங்கி, நோகும் கையின் மணிக்கட்டை மேலே கொண்டு வாருங்கள். தாங்கும் கையை எடுத்துவிட்டு, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே போத்தலை ஆறுதலாகக் கீழே இறக்குங்கள். முழுதும் இறங்கியதும் திரும்ப மற்றக் கையால் மேலே கொண்டு வாருங்கள். இப்படிப் பத்து முறை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு இடையில் இரண்டு நிமிட ஓய்வு. கெதியாகச் செய்து முடிக்க நினைக்காதீர்கள், மெதுவாக இறக்கும் அந்த நான்கு விநாடியில்தான் நாணுக்கு வேண்டிய சுமை கிடைக்கிறது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். கடும் சுமைக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் வரை நாணில் கொலாஜன் கட்டப்படுவதை விட உடைவதே கூடுதலாக இருக்கும். அதன் பிறகுதான் கட்டும் வேலை மேலோங்கும். பழகப் பழகச் சுற்றுக்குப் பத்து முறையைப் பதினைந்து வரை கூட்டுங்கள். மூன்று சுற்றிலும் பதினைந்து முறை செய்தும் நோ 2ஐத் தாண்டாத நாளில் முக்கால் லீற்றருக்கும், பிறகு ஒரு லீற்றருக்கும் மாறுங்கள்.

படி 5: குதிநாண் பயிற்சி

1998இல் சுவீடனைச் சேர்ந்த ஹொக்கன் அல்ஃபிரெட்சன் குழுவினர் வெளியிட்ட முறை இது. அவர்கள் எடுத்துக்கொண்டது பொழுதுபோக்காக ஓடும் 15 பேரை. சராசரி வயது 44. எல்லோரும் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள். பன்னிரண்டு கிழமைப் பயிற்சிக்குப் பிறகு 15 பேரும் திரும்ப ஓடினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. என்றாலும் குதிநாண் நோவுக்கு முதலில் கொடுக்க வேண்டியது பயிற்சிதான் என்பது அதற்குப் பிறகு நிலைத்துவிட்டது.

வாசற்படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பட நில்லுங்கள், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் எழும்புங்கள். பாரத்தை நோகும் காலுக்கு மாற்றி, குதிக்கால் படிக்குக் கீழே போகும் வரை மெதுவாக இறங்குங்கள். முழங்காலை நேராக வைத்து 15 முறை மூன்று சுற்று, சற்று மடித்து 15 முறை மூன்று சுற்று. அல்ஃபிரெட்சன் இதைக் காலையும் மாலையும் தினமும் செய்யச் சொன்னார். புதிதாகத் தொடங்குபவருக்கு அது அதிகம். முதலில் சமதரையில் இரண்டு காலாலும் எழும்பி இறங்கப் பழகிவிட்டுப் படிக்கு வாருங்கள். 2015இல் டென்மார்க்கில் வந்த ஓர் ஆய்வில், கூடிய பாரத்தோடு மெதுவாக, கிழமைக்கு மூன்று நாள் மட்டும் செய்தவர்களுக்கும் அதே அளவு பலன் கிடைத்தது. வீட்டு வேலையும் உத்தியோகமும் பார்க்கிறவர்களுக்கு இந்த மூன்று நாள் முறையைத்தான் நான் சொல்வேன். பாரம் கூட்ட, முதுகுப் பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டால் சரி.

நோ நாணின் நடுவில் இல்லாமல், நாண் குதிக்கால் எலும்பில் வந்து ஒட்டும் இடத்தில் இருந்தால் படி வேண்டாம். குதிக்கால் கீழே போகும்போது நாண் எலும்போடு நசிபடும். அவர்கள் சமதரையில் மட்டும் செய்ய வேண்டும்.

ஊசி, மாத்திரை, உருவுதல்

முழங்கைக்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் சில நாளிலேயே சுகம் தெரியும், அதனால் பலர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். 2006இல் அவுஸ்திரேலியாவில் 198 பேரிடம் செய்த ஆய்வைப் பாருங்கள். ஆறாவது கிழமையில் ஊசி போட்டவர்கள்தான் மிக நன்றாக இருந்தார்கள். ஒரு வருட முடிவில் ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களை விடவும் பின்தங்கிவிட்டார்கள், பலருக்கு நோ திரும்பியும் வந்தது. பிசியோதெரபி எடுத்தவர்கள் கெதியாகத் தேறினார்கள். பொறுத்திருந்தவர்களில் பெரும்பாலோரும் ஒரு வருடத்தில் தேறிவிட்டார்கள். ஊசியைக் கடைசி வழியாக வைத்திருங்கள்.

டைக்ளோபெனாக் போன்ற நோ மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் நாட்கணக்கில் போட வேண்டாம். பிரஷர் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம், வயிறு பலவீனமானவர்களுக்கும் அது கெடுதல். சுடுதண்ணி ஒத்தடம், தைலம் எல்லாம் பழுதில்லை. ஆனால் நோகும் எலும்பு முனையையே பெருவிரலால் அழுத்தி உருவ விடாதீர்கள்.

ஆறு கிழமை ஒழுங்காகச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. பயிற்சி செய்த நாட்களையும் நோவின் எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோனால் பார்க்கிறவருக்கு வடிவாக விளங்கும்.

நோ போன பிறகு

பன்னிரண்டு கிழமையில் நோ நன்றாகக் குறைந்தாலும் கிழமைக்கு இரண்டு நாள் தொடருங்கள். நோ திரும்ப வருவது பெரும்பாலும் வழமையில்லாத வேலை திடீரென்று கூடும்போதுதான். கலியாண வீட்டுச் சமையல், தைப்பொங்கலுக்கு முன் வீடு துப்புரவாக்குதல், தோட்டத்தில் வெங்காயம் கிண்டும் நாட்கள் எல்லாம் அப்படியானவை. அப்போது இரண்டு மூன்று நாள் பாரத்தைப் பாதியாக்கி, அசைக்காமல் பிடிக்கும் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

குதிநாண் நோவுள்ளவர்கள் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் கணக்கில் எடுக்க வேண்டும். வருடம் முழுக்கச் செருப்போடு நடந்த கால், ஒரேயடியாக வெறுங்காலோடு மணலில் வீதி சுற்றும். கொடியேற்றத்துக்கு ஆறு கிழமை முன்பே மாலையில் பத்து நிமிடம் முற்றத்தில் வெறுங்காலோடு நடக்கத் தொடங்குங்கள். கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.